கணக்கு டீச்சர் வீட்டுக் கதவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நலம். உன் நலமும் மாப்பிள்ளை நலமும் அறிய ஆவல் என்று வழக்கம்போல எழுதத்தான் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை என்கிற இடத்தில் பேனா நின்றுவிட்டது. போகட்டும்.

அம்மாவுக்கு அரவிந்தில் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நீ அனுப்பிய பணத்தில் மிச்சம்கூட இருக்கிறது. பசுமலையில் யார் கேட்டாலும் என் மகள் அனுப்பினாள் என்றுதான் சொல்கிறேன். ஆனால் கட்டுப் பிரித்த அன்று அவள் முதலில் தேடியது உன்னைத்தான். கோயம்புத்தூர் என்ன கடல் கடந்தா இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடு. இரவில் வண்டி ஓட்டாதே.

போன் செய்யும்போதெல்லாம் மாப்பிள்ளைக்கு நைட் ஷிப்ட் என்கிறாய். ஞாயிற்றுக்கிழமை பகல் 12 மணிக்குமா? நான் கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை. வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அதை மட்டும் சொல்.

போன ஞாயிறு ஆயர் மத்தேயு 7-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டார். "நீங்கள் குற்றவாளிகளென்று தீர்க்கப்படாதபடிக்கு மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்." சகோதரன் கண்ணில் துரும்பு, உன் கண்ணில் உத்திரம் என்றதும் பெஞ்சுகளில் சிரிப்பு. எனக்கு வரவில்லை. உத்திரத்தின் கனம் அந்தக் கூட்டத்தில் எனக்குத்தான் தெரியும். 12 அடித் தேக்கு என்றால் 4 பேர் வேண்டும். ஆண்டவரையும் அவர் ஊரார் தச்சன் என்றுதான் சொன்னார்கள். பட்டறையில் மரத்தூள் விழுந்த கண்ணை அவரும் பார்த்திருப்பார். நாம் எப்படி எடுப்போம், நினைவிருக்கிறதா? இமையை மேலே மடக்கி, நனைத்த வேட்டி நுனியால், மூச்சுவிடாமல் ஒற்றி எடுக்க வேண்டும். 8 வயதில் நீ எனக்கு எடுத்திருக்கிறாய். துரும்பே இல்லை என்று அவர் சொல்லவில்லை. 5-ஆம் வசனத்தை வாசி. முதலில் உன் கண்ணிலிருப்பதை எடு, பின்பு அவன் கண்ணிலிருப்பதை எடுக்கும்படி வகை பார்ப்பாய் என்கிறார். ஆயர் அந்த வசனத்துக்கு வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. அறிவிப்புகளுக்கே அரை மணி நேரம் போனால் அப்படித்தான்.

எனக்குக் கணக்கு டீச்சர் ஞாபகம் வந்தது. அவர் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறவன் நான். இப்போது நானே எடுக்கிறேன்.

2009-இல் நீ 7-ஆம் வகுப்பு. டீச்சர் கணவனை விட்டுத் தனியாக வீடு எடுத்திருந்தார். அவரைக் கோயிலில் திருவிருந்துக்குச் சேர்க்கக் கூடாது என்று சபைக் கமிட்டியில் பேச்சு வந்தது. ஒருவர் கொரிந்தியர் நிருபத்தைத் திறந்து, "அந்தப் பொல்லாதவனை உங்களைவிட்டுத் தள்ளிப்போடுங்கள்" என்று வாசித்தார். பவுல் அதை எழுதியது தகப்பன் மனைவியை வைத்துக்கொண்டிருந்தவனைப் பற்றி. அது அன்றே எனக்குத் தெரியும். குற்றம் கண்டால் முதலில் தனியாகப் போய்ச் சொல் என்று மத்தேயு 18-இல் இருப்பதும் தெரியும். எங்களில் யாரும் அவரிடம் போய் என்ன நடந்தது என்று கேட்கவில்லை.

நான் மட்டும் அவர்களுடைய பழைய வீட்டுக்குப் போயிருந்தேன், பாப்பா. அதற்கு 3 மாதம் முன்பு, படுக்கையறைக் கதவைச் சரிசெய்ய. உள்தாழ்ப்பாள் கொண்டி நிலைமரத்தோடு பெயர்ந்து தொங்கியது. வெளியிலிருந்து உதைத்தால்தான் மரம் அப்படிப் பிளக்கும். கதவின் கீழ்ப்பாதியில் செருப்புத் தடம். டீச்சர் இடது கையால் காபி கொடுத்தார். வலது கை முந்தானைக்குள் இருந்தது. நான் காபியைக் குடித்து, புதுத் தாழ்ப்பாள் போட்டு, கூலியை எண்ணி வாங்கிக்கொண்டு வந்தேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கமிட்டியில் கை தூக்கச் சொன்னபோது கட்டைவிரல் பாதி இல்லாத இந்தக் கையைத் தூக்கினேன். இரவுச் சாப்பாட்டில் அதைப் பெருமையாக வேறு சொன்னேன். "தேவன் இணைத்ததை மனுஷன் பிரிக்காதிருக்கக்கடவன்" என்றேன். நீ சோற்றில் கை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். அதன் பிறகு கண்ணில் தூசி விழுந்தால் நீ அம்மாவிடம்தான் போனாய். நான் கவனிக்கவில்லை என்று நினைக்காதே.

டீச்சர் விலாசம் உன்னிடம் இருக்கும். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நீ வாழ்த்து அனுப்புவது எனக்குத் தெரியும். எனக்கு அனுப்பு. நேரில் போக வேண்டும். கடிதத்தில் முடிகிற காரியம் இல்லை.

மாடி அறையிலிருந்து ஊறுகாய் ஜாடிகளைக் கீழே இறக்கிவிட்டேன். ஜன்னலுக்கு வலை அடித்தாயிற்று. கதவுக்குப் புதிதாக உள்தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன், பித்தளை. கோயம்புத்தூர் பஸ் ஆரப்பாளையத்துக்குத்தான் வரும். எந்த நேரமானாலும் இறங்கியதும் போன் செய், ஆட்டோக்காரனிடம் பேரம் பேசிக்கொண்டு நிற்காதே. எத்தனை பெட்டி, எத்தனை நாள் என்று நான் கேட்கமாட்டேன். அம்மா கேட்பாள். அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு.

அப்பா