ஒரே கட்டுரையை மூன்று முறை எழுத விடுங்கள்

கிருஷ்ணகிரி மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கும், அரசுப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும், தமிழாசிரியர்களுக்கும் வணக்கம்.

வேப்பனப்பள்ளிப் பக்கம் டிடிபி கடை வைத்திருக்கிறேன். மகள் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் இருக்கிறேன். என் கோரிக்கை ஒன்றுதான்: பள்ளியின் கணினி ஆய்வகமான ஹைடெக் லேபில் வாரம் ஒரு பாடவேளையைத் தமிழ்க் கட்டுரைக்குக் கொடுங்கள். பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து, எழுதியதையே திருத்தித் திருத்தி எழுதட்டும்.

இப்போது பிள்ளை எழுதுகிறது, ஆசிரியர் சிவப்பு மையில் வட்டம் போடுகிறார், நோட்டு திரும்பி வருகிறது. தப்பான சொல்லை ஐந்து தடவை எழுதிக் காட்டினால் வேலை முடிந்தது. கட்டுரை மட்டும் அப்படியே கிடக்கிறது. அத்தனை நோட்டையும் ஒருவரே பார்க்கும்போது ஆசிரியரைக் குறை சொல்லவும் முடியாது. மூன்று பக்கத்தை மறுபடி கையால் எழுதச் சொன்னால் எந்தப் பிள்ளையும் முகம் சுளிக்கத்தான் செய்யும். கணினியில் கடைசிப் பத்தியை முதலில் கொண்டுவந்து வைத்துப் பார்ப்பது நொடி வேலை.

எங்கள் வட்டாரத்துக்கு ஆந்திராவும் கர்நாடகமும் கூப்பிடு தூரம். பல வீடுகளில் தெலுங்கு, கன்னடம், உருது. எழுத்துத் தமிழைப் பிள்ளைகள் பள்ளியில்தான் பழகுகிறார்கள். ‘ல, ள, ழ’ தடுமாறுவதும் ஒற்று விட்டுப்போவதும் அவர்கள் சோம்பலால் அல்ல.

இதற்கென்றே நீச்சல்காரன் என்ற புனைபெயர் கொண்டவர் உருவாக்கிய இரண்டு இலவசக் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. எழுத்துப் பிழைக்கு ‘வாணி’, சந்திப் பிழைக்கு ‘நாவி’. கட்டுரையை ஒட்டினால் சந்தேகப்படும் இடத்தைக் காட்டிவிடும். ‘மாம்பழத்தை பறித்தோம்’ என்று எழுதிய பிள்ளை, நடுவில் ‘ப்’ வர வேண்டும் என்று பார்த்ததும் அப்படியே மாற்றிவிட்டுப் போகக் கூடாது. ‘ஐ’ உருபுக்குப் பின் வல்லினம் மிகும் என்று நோட்டில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். புத்தகத்தில் மனப்பாடம் செய்த விதி, தன் சொந்த வாக்கியத்தில் கண்ணுக்குத் தெரியும்போதுதான் நிற்கிறது.

எல்லாப் பிழையும் கருவிக்குச் சிக்காது. ‘பூ மனம் வீசியது’ என்று எழுதினால், ‘மனம்’ சரியான சொல்தானே என்று விட்டுவிட வாய்ப்புண்டு. அங்கே ஆசிரியர்தான் வேண்டும். ஒற்று தேடுவதில் போகும் நேரம் மிச்சமானால், ‘சந்தையில் பாட்டி என்ன பேரம் பேசினாள், அதைக் காணோமே?’ என்று அவர் பிள்ளையைக் கேட்கலாம். அந்த ஒரு கேள்வி சிவப்பு வட்டங்களைவிடப் பெரிது.

முழுக் கட்டுரையையும் ஏஐ எழுதிக் கொடுத்துவிடாதா என்று ஆசிரியர்கள் அஞ்சுகிறார்கள். நியாயமான அச்சம். அதனால்தான் வீட்டுப்பாடமாக வேண்டாம், லேபிலேயே நடக்கட்டும் என்கிறேன். கூகுள் டாக்ஸில் எழுதினால் பதிப்பு வரலாறு தெரியும். கட்டுரை கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்ததா, ஒரே மூச்சில் வந்து ஒட்டிக்கொண்டதா என்று ஆசிரியர் பார்த்துவிடலாம். ஓரத்தில் கருத்தும் எழுதலாம்.

ஆனால் 13 வயது ஆகாத பிள்ளை தானாகக் கூகுள் கணக்கு தொடங்க முடியாது. சின்ன வகுப்புகளுக்கு லிப்ரே ஆபிஸ் என்ற மென்பொருளில் எழுதினால் போதும். அதுவும் இலவசம், இணையமும் வேண்டாம். மற்ற பிள்ளைகளுக்கும் பெற்றோர் சம்மதம் வாங்குங்கள். எந்தக் கருவியிலும் பிள்ளையின் பெயரோ முகவரியோ ஏறக் கூடாது.

தட்டச்சுக்குத் தமிழ் 99 விசைப்பலகையையே பழக்குங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். 1999இல் தமிழக அரசே ஏற்றுக்கொண்டது. இடப்பக்கம் உயிர், வலப்பக்கம் மெய். ‘அம்மா’ என்று அடிக்க நான்கே விசை. ‘ம’வை இரண்டு தடவை தட்டினால் முதல் ‘ம’வுக்குப் புள்ளி தானாக விழும். அம்மாவை எழுதுவதற்கு ஆங்கில எழுத்தைத் தேடும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு வர வேண்டாம்.

அப்புறம், பொருள் பார்க்கத் தமிழ் விக்சனரி, படிக்கத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். இரண்டுக்கும் காசு கிடையாது. நன்றாக வந்த கட்டுரைகளைத் பள்ளிக் கல்வித் துறையே மாணவர்களுக்காகத் தொடங்கிய தேன்சிட்டு இதழுக்கு அனுப்பலாம்.

இணையம் மெதுவாக இருக்கிற நாளில் தட்டச்சு மட்டும் நடக்கட்டும், பிழை பார்ப்பது அடுத்த வாரம். தமிழ் 99 சொல்லித்தர எங்கள் பள்ளிக்கு நானே சம்பளம் இல்லாமல் வருகிறேன். மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் தீர்மானமும் கொண்டுவருகிறேன். லேபைத் தமிழ்ப் பாடத்துக்கும் திறந்துவிடச் சொல்லும் சுற்றறிக்கை உங்களிடமிருந்து வர வேண்டும்.

இப்படிக்கு,
வேப்பனப்பள்ளி வட்டாரத்துப் பெற்றோர் ஒருவர்