அம்மா வீட்டுக் குளியலறைக்கு ஆள் ஏன் வருவதில்லை

பாடாங் செராய், கெடா

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேரனுக்குக் காய்ச்சல் விட்டது என்று படித்த பிறகுதான் மனம் ஆறியது. அண்ணனுக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது என்று எழுதவில்லையே, அடுத்த முறை எழுது. இங்கே எல்லாரும் நலம். சின்னவளுக்குப் பினாங்கில் வேலை நிரந்தரமாகிவிட்டது. எங்கள் வீட்டுக்காரர் இடுப்புவலியால் வீடு பழுதுபார்க்கும் காண்ட்ராக்ட் வேலையை முழுக்கப் பெரியவனிடம் விட்டுவிட்டார். காலையில் கோயில், மாலையில் காப்பிக்கடை என்று பொழுது போகிறது அவருக்கு.

உன் அம்மா வீட்டைப் பற்றி நீ எழுதியதை அவரிடமும் படித்துக் காட்டினேன். குளியலறைத் தரையில் தண்ணீர் ஊறுகிறது, டைல் வழுக்குகிறது, கூரையில் ஒரு தகடு விரிசல் விட்டிருக்கிறது. வந்து பார்த்தவர்கள் எல்லாரும் "பார்த்துச் சொல்றேன்" என்று போனார்கள், அப்புறம் போனையே எடுப்பதில்லை. ஊர்க்காரர்களுக்குத் திமிர் ஏறிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். தனியாக இருக்கும் அம்மா எப்போது மறுபடி விழுந்துவிடுவாரோ என்று ஜொகூரில் உட்கார்ந்து பயப்படுகிறவளுக்குக் கோபம் வராமல் இருக்குமா? ஆனால் திமிர் என்று நீ சொல்வதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பல வருஷம் எங்கள் வீட்டுக்காரரின் கணக்குப் புத்தகத்தை எழுதியவள் நான். ஆள் ஏன் வருவதில்லை என்பது அந்தப் புத்தகத்திலேயே இருக்கிறது.

சின்ன வேலையோ பெரிய வேலையோ, போய் இறங்குவதற்கு ஆகும் செலவு ஒன்றுதான். பிக்கப்புக்கு டீசல். கொத்தனாருக்கு ஒரு நாள் கூலி, கையாளுக்கு ஒரு நாள் கூலி. அரை நாளில் வேலை முடிந்துவிட்டது என்று அரைக் கூலி கொடுத்து அனுப்ப முடியாது, மீதி அரை நாளுக்கு அவன் எங்கே போவான்? டைல் உடைக்கும் மெஷினை ஏற்றி இறக்க வேண்டும். உடைத்த கல்லையும் சிமெண்டையும் குப்பை லோரி எடுக்காது, அதற்குத் தனி லோரி பிடிக்க வேண்டும், கால் லோரி நிறைந்தாலும் முழு வாடகைதான். சிமெண்டு 50 கிலோ மூட்டையாகத்தான் வரும், டைல் பெட்டியாகத்தான் தருவார்கள், நீர்க்கசிவைத் தடுக்கும் மருந்து வாளியாகத்தான் கிடைக்கும். இதெல்லாம் 15,000 வெள்ளி அடுப்படி வேலையில் கரைந்து போய்விடும். 800 வெள்ளி வேலையில் கரையாது. அதனால் அந்த வேலைக்கு அவன் நியாயமாகவே 2,000 வெள்ளிக்கு மேல் சொல்லியாக வேண்டும். சொன்னால், "நாலு டைலுக்கு இவ்வளவா?" என்று வீட்டுச் சொந்தக்காரர் கேட்பார். நாமும் கேட்போம்.

இதைப் பல முறை கேட்டுக் கேட்டு, விலையே சொல்லாமல் இருந்துவிடுவது மேல் என்ற இடத்துக்கு அவர்கள் வந்துவிட்டார்கள். நம் ஊரில் யாரைப் பார்த்தாலும் யாருக்காவது சொந்தம். கோயிலில் பார்ப்போம், கல்யாணத்தில் பார்ப்போம். முகத்துக்கு நேரே "எனக்குக் கட்டுப்படியாகாது" என்று சொல்லக் கூச்சம். அதைத்தான் "பார்த்துச் சொல்றேன்" என்கிறார்கள். அது சரி என்று நான் சொல்லமாட்டேன். வயதானவரைக் காத்திருக்க வைப்பது தப்பு, பெரியவனிடமும் இதைக் கண்டித்தே சொல்லியிருக்கிறேன். முடியாது என்றால் அன்றைக்கே முடியாது என்று சொல்லிவிடு, அவர்கள் வேறு ஆளைத் தேடிக்கொள்வார்கள் என்று. வந்து பார்ப்பதற்கு யாரும் காசு கொடுப்பதில்லை என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. அளந்து, கணக்குப் போட்டு, கடையில் விலை கேட்டு வருவதற்குள் அவனுக்கு ஒரு மாலைப்பொழுது போய்விடுகிறது.

அம்மா வீட்டுக் குளியலறை பார்வைக்குச் சின்னதாக இருக்கிறதே தவிர வேலை சின்னதில்லை. தண்ணீர் ஊறுகிறது என்றால் மேலே பூசி மூடுவதில் பயனில்லை. முதல் நாள் டைலையும் அடியில் இருக்கும் சிமெண்டையும் உடைத்து எடுக்க வேண்டும். பிறகு தரையைக் காயவிட்டு மருந்து பூச வேண்டும், அது காய்ந்த பின் இன்னொரு பூச்சு. அதற்குப் பிறகு தண்ணீர் போகும் துளையை அடைத்து, தரையில் தண்ணீர் நிறுத்தி ஒரு முழு நாள் விட்டுப் பார்க்க வேண்டும். கசியவில்லை என்று தெரிந்த பிறகுதான் சரிவு பார்த்துச் சிமெண்டு போட்டு டைல் ஒட்டுவார்கள். கடைசியாக இடுக்குகளை அடைக்க இன்னொரு தடவை வர வேண்டும். சில தடவை இரண்டு மணி நேர வேலைதான், ஆனால் ஒவ்வொரு தடவையும் வந்தாக வேண்டும். இடையில் காயும் நாளில் அந்த ஆளுக்கு வேறு வேலை வேண்டும். பெரிய வீடாக இருந்தால் இந்தப் பக்கம் காயும்போது அந்தப் பக்கம் செய்வான். அம்மா வீட்டில் இருப்பதே ஒரே குளியலறை. இதில் எந்தப் படியையாவது விட்டுவிட்டு ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்று யாராவது மலிவாகச் சொன்னால் நம்பாதே. ஆறு மாதத்தில் மறுபடி ஊறும்.

சுடுநீர் ஹீட்டரும் வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். வைக்கலாம், நல்லதுதான். ஆனால் அதற்குக் கொத்தனார் போதாது. எரிசக்தி ஆணையத்தில் பதிந்த வயர்மேன்தான் இணைப்புக் கொடுக்க வேண்டும், ஹீட்டருக்கென்று 10 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்புச் சுவிட்சு தனியாக வைக்க வேண்டும். பழைய வீட்டு வயரிங் தாங்குமா என்று அவர்தான் பார்த்துச் சொல்வார். ஈரத்தில் நின்று குளிக்கும் இடம், இதில் மட்டும் காசு பார்க்காதே. ஆக, ஒரு சின்ன அறைக்குள் கொத்தனார், குழாய்க்காரர், வயர்மேன் மூன்று பேர், ஒருவர் முடித்தால்தான் அடுத்தவர் நுழைய முடியும். ஒருவர் இரண்டு நாள் தள்ளினால் எல்லாம் தள்ளிப்போகும்.

கூரைத் தகட்டைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அது பழைய ஆஸ்பெஸ்டாஸ். வருஷக்கணக்கில் வெயில் மழை பட்ட அந்தத் தகட்டில் கால் வைத்தால் உடையும், ஆள் கீழே வருவான். வெட்டினால் வரும் தூசி நுரையீரலுக்குக் கேடு. ஒன்றை மாற்றப் போய்ப் பக்கத்துத் தகடு இரண்டு விரிந்தால் அதற்கும் அவனே பொறுப்பு. நூறு, இருநூறு வெள்ளி லாபத்துக்கு யார் உயிரைக் கொடுத்து ஏறுவார்கள்? எங்கள் வீட்டுக்காரர் அந்த மாதிரிக் கூரை என்றால் பலகை போட்டுத்தான் ஏறுவார். பலகை போட்டுக் கட்டுவதற்கே பாதி நாள் ஆகும்.

ஆள் கிடைப்பதும் முன்போல இல்லை. கூலிம் ஹைடெக் பார்க் தொழிற்பேட்டை பக்கத்திலேயே இருக்கிறது, நீ பார்த்த இடம் என்று சொன்னால் நம்பமாட்டாய். 2024 ஆகஸ்டில் சிப் செய்யும் இன்ஃபினியன் கம்பெனி அங்கே புதிய ஆலையைத் திறந்தது. அந்த மாதிரிக் கட்டுமானம் நடக்கும்போது கைத்தொழில் தெரிந்த ஆளுக்கு மாதக்கணக்கில் ஒரே இடத்தில் வேலை. கட்டி முடிந்தால் உள்ளே இளைஞர்களுக்கு ஓவர்டைம், ஈபிஎஃப் சேமநிதி, சொக்சோ காப்புறுதி எல்லாம் உண்டு. நம் பிள்ளைகள் எதற்குச் சிமெண்டு மூட்டை தூக்க வருவார்கள்? வெளிநாட்டு ஆளை வைத்தால் தீபகற்பத்தில் கட்டுமானத் துறைக்கு ஒருவருக்கு வருஷத்துக்கு 1,850 வெள்ளி லெவி அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டும். அதோடு 2023 மார்ச்சில் வெளிநாட்டு ஆள் எடுக்கும் புது ஒதுக்கீட்டு விண்ணப்பங்களையே நிறுத்திவைத்தார்கள். 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் லிட்டருக்கு 2.15இலிருந்து 3.35 வெள்ளிக்கு ஒரே இரவில் ஏறியது. இதையெல்லாம் தாங்கிக்கொண்டு இருக்கும் சின்ன காண்ட்ராக்டர், கைக்கு எட்டிய பெரிய வேலையை விட்டுவிட்டு வரமாட்டார்.

எனக்கு இதில் மிகவும் வருத்தம் தருவது ஒன்று உண்டு. தோட்டத்தில் நாம் இருந்தபோது கதவு தொங்கினாலும் கூரை ஒழுகினாலும் என்ன செய்தோம், நினைவிருக்கிறதா? ஆபீஸில் கிராணியிடம் சொல்வோம், தோட்டத்து ஆசாரி பையைத் தூக்கிக்கொண்டு வருவார். அவர் என் மாமனார்தான். அவருக்கு மாதச் சம்பளம், காலையில் நாலாம் லயத்து வரிசை வீடுகளில் ஆணி அடிப்பார், மதியம் பால்வாடி பெஞ்சைச் சரிசெய்வார், போகிற வழியில் உங்கள் வீட்டுத் தாழ்ப்பாளையும் பார்த்துவிட்டுப் போவார். ஆள் ஏற்கெனவே அங்கேயே இருந்ததால் சின்ன வேலை சின்ன வேலையாகவே இருந்தது. தொழிலாளிக்கு வீடு கொடுத்தால் அதைப் பழுதுபார்த்து வைப்பதும் முதலாளியின் கடமை என்று 1990இல் வந்த 446ஆம் சட்டமும் சொல்கிறது. லயம் ஒன்றும் சொர்க்கம் இல்லை, ஒழுகிய கூரையும் பொதுக் கக்கூசும் நான் மறக்கவில்லை. ஆனால் தோட்டங்கள் கைமாறி, ஆட்கள் வெளியேறி, தாமான் என்ற வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிவந்தபோது வீடு நமக்குச் சொந்தமானது, ஆசாரி மட்டும் நம்மோடு வரவில்லை. அவருடைய இடத்தை யாரும் நிரப்பவில்லை. 25,000 வெள்ளி மலிவு வீடு வாங்கியவர்களுக்கு அதைப் பராமரிக்க என்ன ஆகும் என்று யாரும் சொல்லித் தரவும் இல்லை.

இப்போது அந்த வீடுகள் எல்லாம் ஒன்றாக வயதாகின்றன. ஒரே காலத்தில் கட்டியவை, அதனால் ஒரே காலத்தில் குழாய் அரிக்கிறது, டைல் கிளம்புகிறது. உள்ளே இருக்கிறவர்களும் அம்மா வயதுதான். பிள்ளைகள் ஜொகூரிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும். நம் தாமானில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் இதே கதைதான்.

அதனால்தான் நான் பெரியவனைப் பிடித்து உட்காரவைத்துப் பேசினேன். ஒரு டம்ளர் ரசத்துக்குக் கல்யாணச் சமையற்காரரைக் கூப்பிட்டால் வரமாட்டார், சரி. தெருவே சேர்ந்து கூப்பிட்டால்? அம்மா தெருவில் வீடு வீடாகப் போய்க் கேட்டேன். ஒரு வீட்டில் அடுப்படித் தொட்டி ஒழுகுகிறது, ஒரு வீட்டில் வாசல் படி உடைந்திருக்கிறது, அம்மாவுக்கு அடுத்த வீட்டிலும் குளியலறை இதே நிலைமை. எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதி, ஒரே ஆளிடம் தொடர்ச்சியாக ஒரு வாரத்துக்கு மேல் வேலை என்று கொடுத்தால் அவன் ஏன் வரமாட்டான்? ஒரு வீட்டில் காயும்போது அடுத்த வீட்டுக்குப் போவான். லோரி ஒன்று போதும். பெரியவன் கணக்குப் பார்த்து, இது கட்டுப்படியாகும் என்று சொல்லிவிட்டான். குளியலறைகளை முதலில் எடுத்துக்கொள்கிறான். வயர்மேன் கூலிமிலிருந்து ஒரே நாளில் வந்து இரண்டு ஹீட்டரையும் முடித்துக்கொடுப்பார். கூரை மட்டும் மழை குறைந்த பிறகு, தகடு முழுவதையும் மாற்றுவதாக இருந்தால் தனியாகப் பேசிக்கொள்ளலாம். அதுவரை விரிசலை உள்பக்கமிருந்து பார்த்து, அடியில் தண்ணீர் பிடிக்க ஏற்பாடு செய்கிறோம்.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகவே எழுதுகிறேன், என் மகன் என்பதற்காகக் கூச்சப்படாதே. முன்பணமாகப் பாதியைத் தூக்கிக் கொடுக்க வேண்டாம். டைல், மருந்து, குழாய் எல்லாம் நானே ஹார்ட்வேர் கடைக்குப் போய் உன் பெயரில் ரசீது வாங்கி உனக்குப் படம் அனுப்புகிறேன், கடைக்கே பணத்தைப் போட்டுவிடு. கூலியை இரண்டாகப் பிரித்து, தண்ணீர் நிறுத்திப் பார்த்த பிறகு ஒரு பாதி, டைல் முடிந்த பிறகு மறு பாதி கொடு. முன்பு உன் அம்மாவிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு ஓடிப்போன அந்த ஆளைப் பற்றியும் எழுதியிருந்தாய். அவன் கொடுத்த துண்டுச்சீட்டும், பணம் போட்ட வங்கி ரசீதும் இருந்தால் எறிந்துவிடாதே. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம், விண்ணப்பக் கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் வைக்கத் தேவையில்லை. ஆனால் மூன்று வருஷத்துக்குள் பதிய வேண்டும், அதனால் தேதியை உடனே பார்.

வேலை நடக்கும் நாட்களில் அம்மா எங்கள் வீட்டில்தான் இருப்பார். அதை அவரிடம் பேசிவிட்டேன். முதலில் மறுத்தார், அப்புறம் சாமி படத்தையும் தலையணையையும் கொண்டுவருவேன் என்று சொல்லிச் சம்மதித்துவிட்டார்.

நீ சொல்ல வேண்டியது இரண்டு. சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைக்கச் சொல்லியிருக்கிறேன். அம்மாவுக்கு விழுந்தெழுந்ததிலிருந்து எந்தக் கை பலம் என்று நீ டாக்டரிடம் கேட்டிருப்பாய், அந்தப் பக்கத்தில்தான் வைக்க வேண்டும். இன்னொன்று, டைல் சொரசொரப்பானதாக வாங்கினால் வழுக்காது, ஆனால் தேய்த்துக் கழுவக் கொஞ்சம் சிரமம். உதவிக்கு வரும் அந்தப் பெண் வாரத்துக்கு எத்தனை நாள் வருகிறாள்? கடிதம் எழுதிக்கொண்டிருக்காதே, ஞாயிற்றுக்கிழமைக்குள் போனில் சொல்லிவிடு. திங்கட்கிழமை பெரியவனோடு நானும் கடைக்குப் போகிறேன்.

அன்புடன்,
உன் பக்கத்து லயத்துத் தோழி