‘மெல்லக் கற்போர்’ பட்டியல் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில் பல பள்ளிகளில் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. ஒருநாள் தன்னம்பிக்கைப் பேச்சாளர் வந்து, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை ‘என்னால் முடியும்’ என்று முழங்க வைக்கிறார். அதே வாரத்தில் அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்ணை வைத்து ‘மெல்லக் கற்போர்’ என்று பட்டியல் போட்டு, அந்தப் பிள்ளைகளைத் தனியே உட்கார வைத்து, ஒல்லியான கையேடு ஒன்றைக் கொடுக்கிறார்கள். முழக்கம் அன்றோடு முடிந்துவிடும். கையேடு தேர்வு நாள்வரை கையில் இருக்கும். பிள்ளை எதை நம்பும்?

கணக்கு ஆசிரியையாக இருந்து இதைப் பார்த்தவள் நான். 100 மதிப்பெண் வினாத்தாளில் செய்முறை வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8. இந்த 16-உடன் சில ஒரு மதிப்பெண், இரண்டு மதிப்பெண் வினாக்களைத் தேற்றினால் தேர்ச்சிக்கு வேண்டிய 35 வந்துவிடும். ஆகவே நாள்தோறும் அதே தொடுகோடு, அதே வரைபடம். இயற்கணிதத்தின் பக்கமே விடுவதில்லை. ‘அது உனக்கு வேண்டாம், விட்டுவிடு’ என்று அன்பாகத்தான் சொல்கிறார்கள். தேர்ச்சி விழுக்காட்டுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆசிரியரின் நெருக்கடியும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த அன்பில், ‘உனக்குக் கணக்கு வராது’ என்ற தீர்ப்பு அடங்கியிருக்கிறது.

உண்மையில் எங்கே தட்டுகிறது? இருபடிக் கோவையைக் காரணிப்படுத்தத் தெரியாத பிள்ளையின் நோட்டை வாங்கிப் பொறுமையாகப் பாருங்கள். பெரும்பாலும் −7-உடன் 3-ஐக் கூட்டுவதில் தடுமாறியிருக்கும், இல்லையென்றால் பின்னத்தில். நடுநிலை வகுப்புகளில் விட்டுப்போன பாடம் அது. கூச்சமில்லாமல் கேட்க இடம் கொடுத்து அதை மறுபடி சொல்லித்தந்தால், பலருக்குக் காரணிப்படுத்தலும் பிடிபடுகிறது. ஒரு கணக்கைத் தானே போட்டு முடித்த பிள்ளையை யாரும் வந்து ஊக்கப்படுத்த வேண்டியதில்லை.

அமெரிக்காவில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் நடந்த பெரிய ஆய்வு 2019-இல் வெளியானது. முயற்சியால் அறிவுத்திறன் வளரும் என்று ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இணையவழிப் பயிற்சியில் விளக்கினார்கள். பின்தங்கிய மாணவர்களின் சராசரி, 4 புள்ளி அளவுகோலில் 0.1 அளவுக்கு உயர்ந்தது. சிறிய உயர்வுதான். ஆனால் உளவியலாளர் டேவிட் யேகர் குழுவினர் அதே ஆய்வின் தரவை வைத்து 2022-இல் வெளியிட்ட தொடர் ஆய்வே எனக்கு முக்கியமாகப் படுகிறது. திறன் வளரக்கூடியது என்று நம்பிய கணக்கு ஆசிரியர்களின் வகுப்புகளில்தான் கணக்கு மதிப்பெண் கூடியிருந்தது. மற்ற வகுப்புகளில் பயிற்சி பலிக்கவில்லை. பிள்ளை மட்டும் தன்னை நம்பினால் போதாது. பாடம் நடத்துகிறவரும் நம்ப வேண்டும்.

‘மூளைக்காரன்’ என்று புகழப்படும் பிள்ளையும் தப்புவதில்லை. உளவியலாளர்கள் கரோல் டுவெக், கிளாடியா முல்லர் ஆகியோரின் 1998 ஆய்வில், அறிவுக்காகப் பாராட்டப்பட்ட சிறுவர்கள் கடினமான புதிர்களில் தோற்றபின், முன்பு போட்ட எளிய அளவிலான புதிர்களிலேயே முதலில் எடுத்ததைவிடக் குறைவாக எடுத்தார்கள்.

பள்ளிக் கல்வித்துறைக்கு என் வேண்டுகோள்: அரையாண்டுக்குப் பின் பட்டியல் போடுவதை நிறுத்துங்கள். ஒன்பதாம் வகுப்பின் ஜூன் மாதத்திலேயே முழுக்களும் பின்னமும் எல்லோருக்கும் மறுபடி நடத்த நேரம் ஒதுக்குங்கள். அந்த வாரங்களுக்குத் தேர்வோ தேர்ச்சிக் கணக்கோ கேட்காதீர்கள்.

— ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
மன்னார்குடி