வீட்டைத் தூக்கிட்டோம்

அன்புள்ள முரளி,

நலம். அம்மாவும் நல்லா இருக்காங்க, உன்னை ரொம்ப விசாரிச்சாங்க. பொங்கலுக்கு அப்புறம் ஒரு வரிகூடப் போடாம இருந்தது என் தப்புதான். பாஸ்கி கல்யாணத்து ரசவாளிக் கதையை இனிமே யார்கிட்டயும் எடுக்க மாட்டேன்னு நீ சத்தியம் பண்ணு, நானும் ஒழுங்கா மன்னிப்புக் கேக்கிறேன்.

சேதி என்னன்னா, வெள்ளத்துக்குப் பயந்து சென்னை வேளச்சேரி வீட்டை ஜாக்கி வச்சு நாலு அடி தூக்கிட்டோம். நீ வந்து பார்த்திருக்கணும்டா. சுவருக்கு அடியில வரிசையா ஜாக்கி. ஒருத்தர் குரல் கொடுக்க, அத்தனை பேரும் ஒரே நேரத்துல கால் சுத்து சுத்துறாங்க. அம்மா உள்ள காபி ஆத்திட்டிருந்தாங்க, ஒரு சொட்டு தளும்பலை. சமையல்கட்டுச் சுவர்ல மட்டும் மயிரிழை மாதிரி ஒரு விரிசல்.

என்னை உலுக்கினது வேற. அடியில தோண்டினப்போ கறுப்புக் களி வந்தது. அதுல சின்னச் சின்னதா சிப்பி ஓடு. ஒண்ணை எடுத்துக் கழுவி மேசைமேல வச்சிருக்கேன். நாம கிரிக்கெட் ஆடின மண்ணு, முரளி!

மழை ஜாஸ்தி, அதான் வெள்ளம்னு இத்தனை வருஷமா நினைச்சிட்டிருந்தேன். பாதிதான் சரி. நமக்குக் கிழக்கே அஞ்சாறு கிலோமீட்டர்ல கடல். ஆனா நம்ம தெருத் தண்ணி வீராங்கால் ஓடையில இறங்கி, பள்ளிக்கரணை சதுப்புல தேங்கி, ஒக்கியம் மடுவு தாண்டி, பக்கிங்காம் கால்வாயில தெற்கே போய், முட்டுக்காட்டுலதான் கடலைப் பார்க்குது. இருபது கிலோமீட்டர், சரிவுன்னு சொல்ல ஒண்ணுமே கிடையாது. முகத்துவாரத்துல மணல் மூடியிருந்தாலோ, கடல் ஏறியிருந்தாலோ, தண்ணி அங்கேயே நிக்கும். நாளைக்கு ரெண்டு தரம் கடல் ஏறி இறங்குது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் ஒரு மீட்டர் கிட்ட வித்தியாசம். புயல் வந்தா அலையும் காத்தும் அதுக்கு மேல தண்ணியைக் குவிக்கும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் கரைக்குப் பக்கத்துலயே நின்னுச்சே, அப்போ மழை விட்டு வானம் வெளுத்த பிறகும் எங்க தெருவுல இடுப்பளவு தண்ணி. காரணம் இப்பத்தான் புரியுது. இப்போ மழைச் செய்தி கேக்கிறதுக்கு முன்னாடி கடல் ஏறுற நேரத்தைத்தான் பார்க்கிறேன்.

உலகம் முழுக்கக் கடல் மட்டம் 2006-லேர்ந்து 2018 வரைக்கும் வருஷத்துக்கு 3.7 மில்லிமீட்டர் கணக்குல ஏறியிருக்காம். கோயம்புத்தூர்ல உக்காந்திருக்கிற உனக்கு அது ஒரு அரிசி மணி அளவு. சரிவே இல்லாத ஊர்ல அந்த அரிசி மணியும் தண்ணி வடியுற வேகத்துல கை வைக்கும். தண்ணியைத் தாங்க வேண்டிய சதுப்பையோ நாம கட்டடமும் குப்பையுமா நிரப்பிட்டோம். 2022-ல உலக அளவுல முக்கியமான சதுப்புகளோட ராம்சர் பட்டியல்ல ஏறினது 1,250 ஹெக்டேர் கிட்ட. பழைய சதுப்புல அது ஒரு மூலை. இதை எழுதும்போதே எனக்கு வயிறு எரியுது.

ஆனா தூக்கம் கெடுக்கிறது சரோஜாக்கா. எதிர் வீடு பழைய மட்டத்துலயே இருக்கு. எங்க பக்கம் மூணு வீடு தூக்கியாச்சு, காலிமனையை மண் கொட்டி மேடாக்கியாச்சு, ரோட்டையும் பழைய தாரைச் சுரண்டாம மேல மேல போட்டு உயர்த்தியாச்சு. எங்க வாசல்ல நிக்காத தண்ணி எங்கே போய் நிக்கும்? அவங்க கூடத்துலதான். வேலை முடிஞ்ச அன்னிக்கு அக்கா வந்து, "இனிமே அம்மா நிம்மதியா தூங்குவாங்கப்பா"ன்னு சொன்னாங்க. எனக்குப் பதில் வரலை. தூக்குற செலவுக்கு அவங்க எங்க போவாங்க, பென்ஷன் மட்டும்தானே.

ஐப்பசி பிறந்தாச்சு. மாடி ரூம்ல கட்டிலைப் போட்டு, சாவி ஒண்ணை அக்காகிட்ட கொடுத்துட்டேன். அவங்க பத்திரம், மருந்து, தையல் மிஷின் எல்லாம் இப்பவே மேல ஏறிடுச்சு. தீபாவளிக்கு நீ வந்தா கூடத்துலதான் படுக்கணும், சொல்லிட்டேன்.

உன்
ரமணி