லோஸ் பலாசியோஸ் பையன்

அன்புள்ள தம்பி,

நேற்று ராத்திரி ஹாஸ்டலிலிருந்து போனில் பேசும்போது நடுவில் குழாயைத் திறந்துவிட்டாய். அழுகிற சத்தம் எனக்குக் கேட்கக் கூடாது என்றுதானே? கேட்டதுடா. "ஆம்பளப் புள்ள இதுக்கெல்லாமா அழுவாங்க" என்று நான் சொன்னது தப்பு. அப்புறம் எனக்குத் தூக்கமே வரவில்லை. நேரில் சொன்னால் தொண்டை அடைக்கும், அதனால் எழுதுகிறேன்.

ஹெசூஸ் நவாஸை உனக்குத் தெரியும். கால்பந்தில் உன்னைப் போலவே வலது ஓரத்தில் ஓடிய விங்கர். அவர் வாங்கிய கோப்பைகளை எல்லாம் வரிசையாகச் சொல்வாய். அவருடைய ஆரம்ப வருஷங்களைப் பற்றி உன்னிடம் நான் பேசியதே இல்லை.

ஸ்பெயினில் செவியா நகரத்துக்குப் பக்கத்தில் லோஸ் பலாசியோஸ் என்ற சின்ன ஊர்தான் அவருக்குச் சொந்த ஊர். 18 வயது நிறைந்த கையோடு, 2003 நவம்பரில் செவியா அணிக்காக ஸ்பெயினின் முதல்நிலைப் போட்டியான லா லிகாவில் இறங்கிவிட்டார். ஒல்லி உடம்பு. பந்து காலில் பட்டால் மின்னல். ஆனால் வீட்டை விட்டு நாலு நாள் தள்ளி இருக்க முடியாது. அணி வெளியூர் முகாமுக்குப் போனால் பதற்றம் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும். நாட்டுக்கு ஆடுகிற வாய்ப்புகூட இதனாலேயே தள்ளிப் போனது. 2006இலும் 2007இலும் ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூஈஎஃப்ஏ கோப்பையை அடுத்தடுத்து வென்ற அணியில் இருந்தவர், ஸ்பெயின் சட்டையைப் போட 2009 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அவர் பயந்தாங்கொள்ளி இல்லை தம்பி. காலில் தசை பிடித்தால் பிசியோவிடம் போகிற மாதிரி, மனசுக்கும் சிகிச்சை எடுத்துக்கொண்டார். கிளப்பும் அவரை விரட்டவில்லை, பொறுத்துக்கொண்டது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே இருக்கப் பழகினார்.

2010 உலகக் கோப்பை இறுதி ஆட்டம், ஸ்பெயினும் நெதர்லாந்தும், ஜோகன்னஸ்பர்க். நமக்கு நடுராத்திரி. உனக்கு மூணு வயசு, என் மடியிலேயே தூங்கிவிட்டாய். 60ஆவது நிமிடத்தில் பெட்ரோவுக்குப் பதிலாக நவாஸ் இறங்கினார். கூடுதல் நேரத்தில் தன் பாதியில் பந்தை வாங்கி, வலது ஓரமாக நெதர்லாந்தின் ஆரஞ்சுச் சட்டைகளுக்கு நடுவே ஓடினார் பார், அப்படி ஒரு ஓட்டம்! பந்து நாலைந்து கால் மாறிக் கடைசியில் இனியெஸ்டாவிடம் போய், 116ஆவது நிமிடத்தில் கோல். பேப்பரில் எல்லாம் இனியெஸ்டா பெயர்தான். எனக்கு இன்றைக்கும் அந்த ஓட்டம்தான் கண்ணில் நிற்கிறது. வீட்டை விட்டு ஒரு வாரம் இருக்க முடியாத பையன், எவ்வளவு தூரம் வந்து ஓடினான் என்று அன்றைக்கு என் கண் கலங்கியது. பக்கத்து ஊரில் நீ இருந்து அழுதால் மட்டும் எனக்கு ஏன் கோபம் வந்தது என்று தெரியவில்லை. மன்னித்துக்கொள்.

உன் ஹாஸ்டலில் கவுன்சலர் இருக்கிறார் என்று சொன்னாயே, போய்ப் பார். கோச்சிடமும் மறைக்காதே. இல்லாவிட்டால் நானே பேசுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். அம்மா எள்ளுருண்டை பிடித்து வைத்திருக்கிறாள், உன் ரூம் பையன்களுக்கும் சேர்த்து. வீட்டுக்கு வர வேண்டும் போலிருந்தால் பையைக் கட்டி வை, சேர்ந்தே திரும்பலாம். ஆட்டம் இருக்கிறது என்றால் வலது பக்கக் கோட்டோரமாகத்தான் நிற்பேன்.

அப்பா