ஆண்டறிக்கை 2024–25: நம் ரோபோ அணியும் அதன் டிசைன் குழுவும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பெற்றோர்களே, அணியின் மாணவ மாணவியரே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு ஆண்டு முழுவதும் தவறாமல் கூடியது. கோடை வகுப்பும் நூல் நன்கொடையும் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த அறிக்கையின் பெரும்பகுதியை நம் மாணவர் ரோபோட்டிக்ஸ் அணியின் டிசைன் குழுவுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

காரணம் உண்டு. “பிள்ளைகள் எப்பப் பார்த்தாலும் கம்ப்யூட்டர் முன்னாடியே இருக்காங்களே, ரோபோ எப்ப செய்வாங்க?” என்று பெற்றோர் பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்கு முழுப் பதில் சொல்ல இதுதான் இடம்.

நம் அணி கலந்துகொள்வது ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச் என்ற மாணவர் ரோபோ போட்டி. 2024 செப்டம்பரில் வெளியான ஆட்டம் ‘இன்டு தி டீப்’. அதில் ரோபோ கட்டைகளை எடுத்துக் கூடையில் போட வேண்டும். களம் 12 அடிக்கு 12 அடி. தொடக்கத்தில் ரோபோ 18 அங்குலக் கனசதுரத்துக்குள் அடங்க வேண்டும். கட்டையைப் போட வேண்டிய மேல்கூடையோ 43 அங்குல உயரத்தில் இருந்தது. களத்தின் நடுவிலிருந்து கட்டையை எடுக்க ரோபோ தன் கையை நீட்டலாம். ஆனால் நீட்டிய பிறகும் ரோபோவின் மொத்த நீளம் 42 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்பது அந்த ஆட்டத்தின் விதி.

இதை அலுமினியத்தை அறுத்து அறுத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பிள்ளைகள் முதலில் தாளில் கணக்குப் போட்டார்கள். கூடையை எட்ட, ஒன்றின்மேல் ஒன்று சறுக்கி உயரும் ரெயில்கள் வேண்டும். ரெயில் ஒன்று 15 அங்குலம். மேலேறும் ஒவ்வொரு அடுக்கும் கீழ் அடுக்கை ஐந்து அங்குலமாவது பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் தலை ஆடும். ஆக அடுக்குக்குக் கிடைப்பது பத்து அங்குலம்தான். இரண்டு அடுக்கு என்றால் அடி ரெயிலையும் சேர்த்து 35 அங்குலம்தான், கூடையை எட்டாது. நான்கு வைத்தால் எடையும் ஆட்டமும் கூடும். மூன்று வைத்தால் 45 அங்குலம், அதுவே முடிவானது. அப்புறம்தான் ஆன்ஷேப் என்ற வடிவமைப்பு மென்பொருளில் வரையத் தொடங்கினார்கள். அது பிரவுசரிலேயே ஓடும், மாணவர்களுக்கு இலவசம். பழைய லேப்டாப் வைத்திருந்த பிள்ளைகளும் வீட்டிலிருந்தே சேர்ந்து வரைந்தார்கள்.

கை முழுக்க நீண்டு, நுனியில் உள்ள பிடி முன்பக்கமாகச் சாயும்போது மொத்த நீளம் 42 அங்குலத்தைத் தாண்டுகிறது என்பது திரையில்தான் தெரிந்தது. பிடி மேல்நோக்கி நிமிர்ந்து இருந்தபோது அளவு சரியாகத்தான் இருந்தது. ரெயிலில் ஒரு போல்ட்டைத் தடுப்பாக வைத்தார்கள், தீர்ந்தது. தகடு வெட்டிய பிறகு தெரிந்திருந்தால் கை முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும்.

எல்லாமே திரையில் பிடிபட்டுவிடவில்லை. 3டி பிரிண்டரில் அச்சிட்ட ஒரு பிராக்கெட், ரெயில் அடுக்கு வேகமாக இறங்கி நின்ற அதிர்ச்சியில் பிளந்தது. பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி உடைந்த துண்டுகளை மேசையில் சேர்த்து வைத்துப் பார்த்து, அச்சடுக்குகள் ஒட்டியிருந்த கோட்டிலேயே விரிசல் ஓடியிருப்பதைக் காட்டினாள். மரத்தை நார்வாக்கில் பிளப்பது எளிது அல்லவா, அதே கதைதான். அடுத்த முறை பிராக்கெட்டைப் படுக்க வைத்து அச்சிட்டாள், உள்மூலையை வளைவாக்கினாள். போட்டி முடியும் வரை அது தாங்கியது. இந்த ஆண்டு நான் மிகவும் பெருமைப்பட்ட வேலை இது.

நடுவர்கள் மதிப்பிடுவது களத்தில் எடுக்கும் புள்ளிகளை மட்டுமல்ல. 15 பக்கத்துக்குள் ஒரு பொறியியல் கோப்பைத் தர வேண்டும், நேர்காணலும் உண்டு. ஏன் மூன்று அடுக்கு, எது உடைந்தது, எப்படி மாற்றினீர்கள் என்று கேட்டார்கள். டிசைன் குழு தேதி போட்டு எழுதிய நோட்டு அங்கே கைகொடுத்தது. இந்தப் போட்டியின் வேரும் வடிவமைப்பு வகுப்பில்தான் இருக்கிறது. அமெரிக்காவின் எம்ஐடியில் பேராசிரியர் வுடி ஃபிளவர்ஸ் 2.70 என்ற எண்ணுள்ள வடிவமைப்புப் பாடம் நடத்தினார். அதில் தங்களுக்குக் கொடுக்கப்பட்ட பொருட்களை வைத்தே மாணவர்கள் எந்திரம் செய்து ஒருவரோடு ஒருவர் மோத வேண்டும். கண்டுபிடிப்பாளர் டீன் கேமனோடு சேர்ந்து அவர் உருவாக்கிய ஃபர்ஸ்ட் போட்டி முதலில் 1992ல் நியூ ஹாம்ப்ஷயரில் நடந்தது.

ஆகவே பேரவை முன் ஒரு கோரிக்கை வைக்கிறேன். வரும் செப்டம்பரில் புது ஆட்டம் வெளியானதும், முதல் சில வாரங்களை வரைவதற்கும் அட்டை மாதிரி செய்து பார்ப்பதற்கும் விட்டுவிட வேண்டும். அதுவரை தகடு வெட்டச் சொல்லி யாரும் அவசரப்படுத்த வேண்டாம். அணிக்கு இரண்டு வெர்னியர் காலிப்பரும் ஒரு லேப்டாப்பும் தேவை. நன்கொடை தர விரும்புவோர் பொருளாளரிடம் சொல்லவும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தம் பட்டறையைத் திறந்துவைத்து, வரைபடத்தோடு வரும் பிள்ளைகளுக்கு முதலில் வெட்டிக் கொடுத்த ஆவாரம்பாளையத்து அண்ணனுக்குச் சங்கத்தின் நன்றி. அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்