ஆத்துப்பாலம் யார் காசு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வார தாமிரபரணிக் கட்டுரையில் எங்கள் ஊர் சுலோச்சன முதலியார் பாலத்தை 'ஆங்கிலேயர் கட்டிய பாலம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். காலம் அவர்களுடையதுதான், சரி. காசு?

அதற்கு முன்னால் நெல்லைக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே ஆற்றைக் கடக்கப் படகுதான், வெள்ளம் வந்தால் அதுவும் இல்லை. கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக இருந்த சுலோச்சன முதலியார், ஊரில் பணம் பிரிக்கக் காத்திருக்காமல், தன் சொந்தப் பணத்தைக் கொடுத்துத்தான் 1843-இல் 11 வளைவுகளோடு இந்தப் பாலம் எழுந்தது. ஏறக்குறைய 50 ஆயிரம் ரூபாய் ஆனதாம். வீட்டம்மாவின் நகைகளும் அதில் போனதாக எங்கள் பக்கம் சொல்வார்கள்.

லண்டன் வாட்டர்லூ பாலத்தைப் பார்த்துக் கட்டியது என்று பெருமையாக எழுதியிருந்தீர்கள். அந்தப் பழைய வாட்டர்லூ பாலத்தை 1930-களிலேயே இடித்துவிட்டு வேறு கட்டிக்கொண்டார்கள், அதையும் சேர்த்து எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாட்டுவண்டிக்காகக் கட்டிய நம்முடையது, பின்னாளில் அகலப்படுத்தப்பட்டு, இன்றைக்கும் ஜங்ஷனிலிருந்து பாளைக்குப் போகிற பஸ்ஸையெல்லாம் சுமக்கிறது. 1992 வெள்ளத்தையும் 2023 டிசம்பர் வெள்ளத்தையும் பார்த்துவிட்டு நிற்கிறது.

ஆனால் பஸ்ஸில் போகிறவனுக்குப் பாலமே தெரியாது, கைப்பிடிச் சுவர்தான் தெரியும். கொக்கிரகுளம் பக்கம் படித்துறையில் இறங்கிப் பாருங்கள். வளைவின் இடுக்கில் அரசங்கன்று ஒன்று, போன தடவை நான் பார்த்தபோது முழங்கை உயரம். வருஷத்துக்கு ஒருமுறை யாரோ வந்து மேலாக வெட்டிவிட்டுப் போகிறார்கள், வேர் உள்ளேயே கிடக்கிறது, மழை பெய்ததும் முன்னைவிடத் தடிமனாகத் துளிர்க்கிறது. இதைச் சொல்லப் போனால் இது எங்கள் வேலை இல்லை என்று அடுத்த மேஜையைக் காட்டுகிறார்கள், நானும் மூன்று மேஜை பார்த்துவிட்டேன்.

இன்னொன்று. 1999 ஜூலையில் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடத்தியபோது 17 பேர் செத்தது இந்த ஆற்றில்தான், இதே கொக்கிரகுளத்தில். ஆற்றைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியவர் அதை எப்படி விட்டார் என்று தெரியவில்லை.

அடுத்த முறை உங்கள் போட்டோகிராபரைப் பாலத்து மேலே நிற்காமல் கீழே இறங்கச் சொல்லுங்கள். காலை ஏழு மணிக்கு வந்தால் வளைவுக்குள் வெயில் விழும், அந்த அரசங்கன்றும் படத்தில் தெளிவாக விழும்.

இப்படிக்கு,
வண்ணார்பேட்டை வாசகன்